டிக்கிக்கு ஒரு கோரைப் பாய்

ஸ்ரீரங்கத்திலிருந்து லால்குடிக்கு இருபது கிலோ மீட்டர் கூட இராது. ரெயிலில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து ஸீட்டுக்காரியிடம் "எந்த ஊர்?" என்று கேட்டு முடிப்பதற்குள் லால்குடி வந்துவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு நான் வருஷத்துக்கு இரண்டே தடவைதான் போய்க்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு ஒன்று, அம்மாவின் திதிக்கு ஒன்று. "காசிக்குப் போகிறவர்கள் கூட இதைவிட அடிக்கடி போவார்கள்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வதுண்டு. லால்குடி என் பிறந்த வீடு. அங்கே என் அப்பா இருக்கிறார். அப்பாவோடு ஒரு மோட்டாரும் இருக்கிறது.

சென்ற தை மாதக் கடைசியில் நாங்கள் புறப்பட்டது பொங்கலுக்கும் அல்ல, திதிக்கும் அல்ல. அந்த மோட்டாருக்கு ஒரு முடிவு கட்டுவதற்காக.

அமெரிக்காவிலிருந்து அண்ணா டெலிபோன் செய்திருந்தான். "அப்பாவுக்கு வயது எண்பத்தாறு. கண்ணும் சரியில்லை. அந்தத் தகர டப்பாவை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்றான். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு எல்லா விஷயமும் சுலபமாகத்தான் தெரியும்!

அந்தத் 'தகர டப்பா' 1968-ஆம் வருஷத்து அம்பாஸடர், மார்க் டூ. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் அச்சில் வார்த்து, வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. மந்திரிகளும் கலெக்டர்களும் அதில்தான் போனார்கள். கல்யாண மாப்பிள்ளைகளும் அதில்தான் போனார்கள். புது வண்டி வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. 2014-ல் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அதோடு ஒரு காலமும் முடிந்தது.

என் அப்பா டாக்டர். லால்குடிச் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் அர்த்த ராத்திரியில் போய்ப் பிரசவம் பார்த்தவர். 1972-ல் அந்த அம்பாஸடரைக் கைமாற்றாக வாங்கினார். அது முதல் அந்த வண்டியின் முன் பக்கத்தில் அப்பா, பின் பக்கத்தில் நோயாளி, டிக்கியில் மருந்துப் பெட்டி. திரும்பி வரும்போது டிக்கியில் வாழைத் தாரோ, நெல் மூட்டையோ, பறங்கிக்காயோ இருக்கும். கையில் காசு இல்லாதவர்கள் பீஸ் கொடுத்த முறை அது.

'டிக்கி' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? பழைய நாளில் குதிரை வண்டிகளிலும், பிறகு மோட்டார்களிலும் பின் புறத்தில் மடக்கித் திறக்கும் ஒரு ஸீட் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'டிக்கி ஸீட்' என்று பெயர். ஸீட் போயிற்று, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. அதற்குள் கிடக்கும் 'ஸ்டெப்னி' டயரின் கதையும் இதே போலத்தான். வேல்ஸ் நாட்டில் லானெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அங்கிருந்துதான் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உபரிச் சக்கரங்கள் செய்து அனுப்பினார்கள். அந்தத் தெருவின் பெயரை நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் தினம் பத்துத் தடவை உச்சரிக்கிறார்!

* * *

கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டும்போது வழக்கம் போல் காரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில்தான் நாங்கள் சிறு வயதில் போய் வருவோம். 2016-ல் புதுப் பாலம் திறந்தார்கள். இரண்டே வருஷத்தில், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், பழைய பாலத்தின் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றோடு போய்விட்டது. தொண்ணூறு வருஷம் நின்ற இரும்பு! அதை நினைத்தபோது, எங்கள் டிக்கி எந்த மூலை என்று தோன்றியது.

நம்பர் ஒன் டோல்கேட்டில் வலது பக்கம் திரும்பினால் தாளக்குடி, வாளாடி என்று வரிசையாக ஊர்கள். இரு புறமும் வாழையும் நெல்லும். லால்குடியில் நுழையும்போதே சப்தரிஷீசுவரர் கோயில் கோபுரத்தைக் கண்கள் தேடும். ஏழு ரிஷிகள் தவம் செய்த இடமாம். அதனால் திருத்தவத்துறை என்பது பழைய பெயர். படையெடுத்து வந்த ஒரு துருக்க சேனாபதி சிவப்புக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, "லால் குடி!" என்று வியந்தாராம், அதுவே ஊர்ப் பெயராயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். தியாகராஜ சுவாமிகள் இங்கே வந்து சுவாமி மீதும் பெருந்திருப்பிராட்டி மீதும் பாடிய ஐந்து கீர்த்தனைகளுக்கு 'லால்குடி பஞ்சரத்னம்' என்று பெயர். பிடில் மேதை லால்குடி ஜெயராமன் இந்த ஊரின் பெயரை உலகம் முழுவதும் கொண்டு போனதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்பா வாசல் திண்ணையிலேயே காத்திருந்தார். எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சையே எடுக்காமல் வெயிலைப் பற்றியும், வாழை விலையைப் பற்றியும், பேப்பரில் வந்த கொலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆன பிறகு நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அப்பா, வண்டியைப் பார்க்கலாமா?"

"பார்க்கிறதற்கு என்ன? நேற்றுக்கூட ஸ்டார்ட் பண்ணினேன். சும்மா கன்றுக்குட்டி மாதிரி கத்துகிறது!"

கொட்டகைக்குப் போனோம். வண்டி என்னமோ பளபளவென்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்தார். திறந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார். மழைக் காலத்தில் காயாத துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த வாசனை! உள்ளே அடியோடு ஒட்டியிருந்த சிவப்புக் கார்ப்பெட்டைத் தொட்டேன். ஐப்பசி மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் அது இன்னும் சில்லென்று இருந்தது.

* * *

திருச்சி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் ஒருவரை அழைத்து வந்தோம். அறுபது வயதிருக்கும். வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். சுத்தியல் பிடியால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அப்பா நோயாளியின் முதுகில் தட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. சில இடங்களில் 'டங்' என்றது. டிக்கியின் இடது மூலையில் 'தொப்' என்றது.

"ஐயா, இந்த வண்டிக்குத் தனியாச் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். பின் சக்கரத்து வில் பட்டை மாட்டுற இடமெல்லாம் இந்தத் தகட்டோட சேர்ந்துதான் இருக்கு. அது அரிச்சிருந்தா வண்டி போச்சு. மேல் தகடு மட்டும்னா ஒட்டுப் போட்டுடலாம். கார்ப்பெட்டைக் கிழிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

"கிழிக்கிறதா? அந்தக் கார்ப்பெட்டைத் தொடக் கூடாது!" என்றார் அப்பா.

அப்பா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. எல்லோரும் திகைத்துப் போனோம்.

"ஏன் மாமா? நாற்றமடிக்கிற பழைய கார்ப்பெட் தானே?" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார். "அது உன் கல்யாணத்துக்குப் போட்டதம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மறந்தே போயிருந்த ஒரு சமாசாரம் மனசில் படம் போல ஓடிற்று. 1990. அதுவரை அந்த டிக்கியில் ஒரு கோரைப் பாய்தான் விரித்திருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் அதை எடுத்து வாசலில் உதறி, திண்ணையில் காய வைத்து, மறுபடி விரிப்பாள். திருச்சியில் காலேஜ் படித்துவிட்டு வந்த மகாராணியாகிய எனக்கு அது பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் சாமான் வைக்கிற டிக்கியில் பாயா? பட்டிக்காடு என்று சிரிப்பார்கள்!" என்று ஒரு நாள் பூரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவோடு டவுனுக்குப் போய், அடியில் சணல் மெத்தை வைத்துப் பசை போட்டு ஒட்டிய சிவப்புக் கார்ப்பெட்டோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் டிக்கியைத் திறந்து பார்த்தார்களா என்பதே சந்தேகம்!

அம்மா போன பிறகு அவள் கையால் தேர்ந்தெடுத்த பொருள் ஒவ்வொன்றையும் அப்பா இப்படித்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மேலே பேச நாக்கு எழவில்லை.

டிங்கர்தான் பேசினார். "ஐயா, பத்து வயசுல நான் கால்ல கடப்பாரை குத்தி உங்ககிட்ட வந்தேன். ஞாபகம் இருக்குங்களா? வாய்க்கால்ல இறங்கிட்டு ஈரக் கட்டோட வந்தேன்னு என் ஆத்தாவை நீங்க திட்டின திட்டு எனக்கு இன்னும் காதிலேயே நிக்குது. 'மேலே வெள்ளைத் துணி அழகா இருந்தா உள்ளே புண் ஆறிடுமா? ஈரத்தை மூடி வெச்சா எலும்பு வரைக்கும் போகும்'னீங்க."

அப்பா கொஞ்ச நேரம் தடியை ஊன்றியபடி நின்றார். பிறகு, "கட்டை அவிழ்" என்றார்.

* * *

கார்ப்பெட் சுலபத்தில் வரவில்லை. கத்தியைக் கொடுத்து நெம்பி, தோலை உரிப்பது போல உரிக்க வேண்டியிருந்தது. அதன் கீழே கறுத்துப் போன சணல் மெத்தை. பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல. மெத்தைக்கும் கீழே எட்டுப் பத்து நெல்மணி, ஒரு விரலி மஞ்சள், வளைந்து வளைந்து ஓரமிட்ட பத்துக் காசு ஒன்று. பிறகு துரு. ரங்கோலிப் பொடி மாதிரி அவ்வளவு துரு. இடது மூலையில் ரூபாய்க் காசு அளவில் மூன்று ஓட்டைகள். அதன் வழியாகக் கொட்டகைத் தரை தெரிந்தது.

இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மழையில் நனைந்த வண்டி வெயிலில் காய்ந்துவிட்டால் பெரிய கெடுதல் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் ஊட்டும் ஒரு பொருள் இரும்போடு ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் சணல் மெத்தை தண்ணீரை உறிஞ்சுகிறது. மேலே கார்ப்பெட் மூடியிருப்பதால் அது காய வழியில்லை. பசை போட்டு ஒட்டியதால் எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, தகட்டில் தேங்கும் நீர் வடிவதற்கென்று கம்பெனிக்காரன் வைத்திருந்த துவாரங்களையும் அந்தப் பசையே அடைத்துவிட்டிருந்தது.

டிங்கர் வண்டிக்கடியில் படுத்து, வில் பட்டை மாட்டும் இடங்களையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார். நாங்கள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். கடைசியில் வெளியே வந்து, "பிழைச்சுக்கிட்டுதுங்க, ஐயா. மேல் தகடுதான் போயிருக்கு. இன்னும் இரண்டு மழைக் காலம் மூடி வெச்சிருந்தீங்கன்னா இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்" என்றார்.

அப்பா கீழே கிடந்த விரலி மஞ்சளை எடுத்து வேஷ்டி முனையில் துடைத்தார். பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் துருவை எடுத்தார்கள். எட்டாத மூலைகளில் துருவை மாற்றும் திராவகம் தடவினார்கள். அதன் மேல் ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட்டு, அதற்கும் மேலே பெயிண்ட். வடிகால் துவாரங்கள் திறந்தன.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்பது அடுத்த கேள்வி. இதற்கு நான் ஒரு யோசனை சொன்னேன். சமையற்கட்டு யோசனைதான். டிக்கிக்குள் தரை முழுவதும் சல்லடையால் கோலமாவைத் தூவினேன். மூடியைச் சாத்திவிட்டு, மேலே குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிஷம் விட்டோம். திறந்து பார்த்தால், இடது ஓரத்திலிருந்து இரண்டு கோடுகள் மாவைக் கரைத்துக்கொண்டு வந்திருந்தன! மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் கட்டையாகிப் போனது ஒன்று; பின் விளக்கின் அடியில் இருக்கும் ரப்பர் வெடித்தது மற்றொன்று. இரண்டையும் மாற்றினார்கள். பிறகு பீடிங்குக்கும் மூடிக்கும் நடுவில் பேப்பர்த் துண்டைக் கொடுத்துச் சாத்தி, சுற்றிலும் இழுத்துப் பார்த்தோம். எங்கும் இறுக்கிப் பிடித்தது. "டிங்கர் வேலைக்கு வந்துடுங்கம்மா" என்று பட்டறைக்காரர் எனக்குச் சர்டிபிகேட் கொடுத்தார்.

* * *

இனி என்ன விரிப்பது? ரப்பர் ஷீட் என்றார் ஒருவர். புதுக் கார்ப்பெட்டே போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். "கோரைப் பாய்" என்றேன் நான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திருச்சி ஜில்லாவில் கோரைப் பாய்க்கு முசிறி என்று குழந்தைக்கும் தெரியும். மறுநாள் காலையில் புறப்பட்டோம். டோல்கேட்டுக்கு வந்து மேற்கே திரும்பினால் நொச்சியம், வாத்தலை, குணசீலம் என்று காவிரியின் வடகரையோடு ரோடு போகிறது. லால்குடி வயல்களுக்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஐயன் வாய்க்கால் வாத்தலைப் பக்கத்தில்தான் காவிரியை விட்டுப் பிரிகிறது. நான் சிறு வயதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாய்க்காலின் தலைப்பை ஐம்பது வயதுக்கு மேல்தான் பார்க்கிறேன்! குணசீலத்தில் பிரசன்ன வெங்கடாசலபதியைத் தரிசனம் செய்துகொண்டு முசிறியை அடைந்தோம்.

ஊரை நெருங்கும்போதே காவிரியை ஒட்டிக் கோரை வயல்கள். தூரத்தில் நெற்பயிர் போல. கிட்டப் போனால் ஆள் உயரம். ஒரு தடவை நட்டுவிட்டால் பல வருஷங்களுக்கு அறுத்துக்கொண்டே இருக்கலாமாம். பச்சையாக இருக்கும்போதே கத்தியால் நெடுகக் கிழித்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். களமெல்லாம், ரோட்டு ஓரமெல்லாம் விசிறி விசிறியாகக் கோரை காய்ந்துகொண்டிருந்தது. பச்சை மெல்ல மெல்ல வெளுத்துப் பொன்னிறமாகிறது. ஒரு தறிக் கொட்டகையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். இப்போது பெரும்பாலும் மின்சாரத் தறிதான். பாவு நூல் ஏறி இறங்க, ஒவ்வொரு கோரையாக உள்ளே ஓடுகிறது. பக்கத்திலேயே இரண்டு பெண்கள் கோரையைத் தரம் பிரித்து, நெட்டையை ஒரு பக்கமும் குட்டையை ஒரு பக்கமும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைத்தறியிலேயே நெய்து, புவிசார் குறியீடும் பெற்றிருக்கும் பத்தமடைப் பட்டுப் பாயின் நயம் இதற்கு இல்லை. ஆனால் டிக்கியில் படுத்துத் தூங்கப் போவது யார்? ஸ்டெப்னி டயர்தானே!

"என்ன அளவும்மா வேணும்?" என்றார் கொட்டகைக்காரர்.

நான் கைப்பையிலிருந்து நியூஸ் பேப்பரை எடுத்து விரித்தேன். டிக்கித் தரையில் பேப்பர்களை ஒட்டி, வளைவு நெளிவுகளோடு வெட்டி எடுத்து வந்திருந்தேன், ரவிக்கைக்கு மாதிரி வெட்டுவது போல. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்யாணப் பாய் கேட்டிருக்காங்க, யோகா பாய் கேட்டிருக்காங்க. மோட்டார் டிக்கிக்குப் பாய் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா!" என்றார்.

பாயை நேராகக் கத்தரித்தால் நூல் பிரிந்து கோரை உருவிக்கொண்டு வந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். ஆகவே, வெட்டப் போகிற கோட்டின் உள் பக்கத்தில் முதலில் இரண்டு வரிசை தையல், பிறகு கத்தரி, அதன் பிறகு துணியால் ஓரம் கட்ட வேண்டும். லால்குடிக்குத் திரும்பி, ஒரு குஷன் கடைக்காரரிடம் கொடுத்து அப்படியே செய்தோம். ஓரத்துக்குச் சிவப்புத் துணி வைக்கச் சொன்னேன். பழைய கார்ப்பெட்டின் நினைவாக இருக்கட்டுமே! ஸ்டெப்னியும் ஜாக்கியும் உரசும் பக்கத்துக்குக் கோரை தாங்காது. அங்கே தென்னை நார் மிதியடி ஒன்றை அளவாக வெட்டிப் போட்டோம். நாருக்கு இடையே காற்று புகும். ஈரத்தில் சட்டென்று மக்காது. பசை மட்டும் எங்கேயும் தொடவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார். இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-ல் தோன்றியது உத்தர்பாராவுக்கு அருகில் உள்ள ரிஷ்ராவில்தானாம். அந்த ஹூக்ளிக் கரையில் பிறந்த வண்டிக்குக் காவிரிக் கரைக் கோரை! பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக் கொடுத்தால், புகுந்த வீட்டுச் சமையலைக் கற்றுக்கொள்வது இல்லையா? அது போல என்றேன் நான்.

இரும்புக் கடை யோசனையும் தீர்ந்தது. பதினைந்து வருஷம் ஆன வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காட்டி, பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 'வின்டேஜ்' என்று தனி மரியாதையும் உண்டு. அண்ணாவுக்கு டெலிபோனில் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "டிக்கியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பு" என்றான்.

* * *

மாசி மாதத்தில் ஒரு நாள் அப்பாவை அவருடைய வண்டியிலேயே அன்பிலுக்கு அழைத்துக்கொண்டு போனோம். சுந்தர சோழனின் மந்திரி அநிருத்தருக்கு நிலம் கொடுத்த செப்பேடு கிடைத்த அதே அன்பில்தான். அங்கே சுந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால், யாரோ ஒரு கிழவர், "டாக்டரய்யா வண்டிதானே இது?" என்று ஓடி வந்தார். நாற்பது வருஷத்துக்கு முன் அவருடைய மகன் பிறந்தது அப்பா கையிலாம். எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஒரு வாழைத் தாரைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்தார். புதுப் பாயின் மேல் வாழைப் பால் இரண்டு சொட்டு விழுந்தது. எனக்குத்தான் அடித்துக்கொண்டது. அப்பாவுக்குப் பரம திருப்தி!

சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குப் புறப்படும்போது அப்பா வாசலில் நின்று, "எல்லாம் சரியம்மா. ஆனால் ஒரு விஷயம். கோரைப் பாயும் ஈரத்தில் கிடந்தால் பூசணம் பூக்கும். வாரம் ஒரு தடவை எடுத்து உதறி வெயிலில் போட வேண்டும். உன் அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை செய்வாள். எனக்கு இப்போது குனிய முடியவில்லையே?" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். பாயைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெரிய வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில், அவர் மட்டும் தனியாக நின்றுகொண்டு அதைச் சொன்னதைப் பார்த்தபோது, இருபது கிலோ மீட்டர் எவ்வளவு தூரம் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. மூடி வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது டிக்கியை மட்டும்தானா?

"அதற்கென்ன அப்பா, நான் வந்து உதறுகிறேன்" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டில் சமையல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் ரெயில் ஏறினால் வாளாடியைத் தாண்டியதும் லால்குடி. பாயை உதறித் திண்ணையில் விரிப்பதற்கு ஐந்து நிமிஷம். அது காயும் வரையில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பழைய நோயாளிகளின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். சாதாரண வெயிலில் கோரைப் பாய் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். டாக்டரான அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் நான்கு மணிக்கு, "இன்னும் ஒரு மூலையில் ஈரம் இருக்கிற மாதிரி இருக்கே!" என்பார்.

"ஆமாம் அப்பா, இருக்கிறது" என்று நானும் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.